சுண்டுக் கணக்கு

எங்கள் ஊரில் வயதைக் கேட்டால் எண்ணைச் சொல்பவர்கள் குறைவு. ஏதாவது ஓர் அழிவின் பெயரைத்தான் சொல்வார்கள். என் மாமி 1957ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்த கையோடு பிறந்தவர். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்கைப் புரட்டிப் போட்ட சூறாவளியின்போது நான் நாற்பது கழியாத பிள்ளை. என் அடையாள அட்டையில் முறையான ஒரு திகதி இருக்கின்றது. என்றாலும் உம்மாவுக்கு நான் கடைசிவரை ‘சூறாவளிப் புள்ள’தான். எனக்குப் பின் வந்தவர்கள் 1990ஆம் ஆண்டுக் கலவரத்தை வைத்தும், 2004ஆம் ஆண்டுச் சுனாமியை வைத்தும் தம் பிள்ளைகளின் வயதைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாட்களில் பாடசாலையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. தாய் பிறப்புச் சான்றிதழை மேசையில் வைப்பார். கூட வந்த மூத்தம்மா அந்தக் காகிதத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டார். “சேர், இவன் அந்தப் பெரிய வெள்ளத்துக்க பொறந்தவன்” என்பார். இரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றிய சாட்சியங்கள்தான். ஆனால் வெள்ளம் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையின் முகம் கீழே குனிவதைக் கண்டிருக்கிறேன். தான் வந்ததும் தண்ணீர் வந்ததும் ஒரே குற்றம் என்பது போல.

என் இளைய மகள் பிறந்தது 2020 டிசம்பர் 16ஆம் திகதி. அந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொவிட் தொற்றில் மரணித்த நம்மவரின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பிறந்து இருபது நாட்களேயான ஒரு குழந்தையின் உடலும் அம்மாதத்தில்தான் தகனம் செய்யப்பட்டது. அடக்கம் செய்யும் அனுமதி 2021 பெப்ரவரியில் வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை ஊரில் எவரும் நிம்மதியாக உறங்கவில்லை. மனைவியை வைத்தியசாலைக்கு ஏற்றிய இரவு, மாமி ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று கேட்டு ஒரு துஆவும் செய்யவில்லை. “யா அல்லாஹ், போற ரெண்டு உசிரையும் ஊட்டுக்கு அனுப்பி வை” என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மண் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி மாமிக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அல்லாஹ்வின் கிருபையால் இரு உயிர்களும் வீடு வந்தன. ஆனால் அயல் பெண்கள் ஒரு மாதத்துக்குள் மகளுக்கு ‘கொரோனாப் புள்ள’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்போடுதான் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிள்ளை பிறந்தால் மகிழத் தெரியாத சமூகமல்ல நாம். வலது காதில் பாங்கு சொல்கிறோம். பேரீச்சம்பழத்தை மென்று நாவில் தடவுகிறோம். ஏழாம் நாள் முடி களைந்து, அந்த முடியின் நிறைக்கு வெள்ளியின் பெறுமதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறோம். வசதியுள்ளவர்கள் அகீகா கொடுத்து இறைச்சியைப் பங்கிடுகிறார்கள். பிறகு நாற்பது வரும். முதற் பல் முளைத்தால் கொழுக்கட்டை அவித்து அயல் வீடுகளுக்கு அனுப்புவார்கள். ஆண்பிள்ளைக்குச் சுன்னத்துக் கலியாணம் வரும். எங்கள் உம்மாமார் காலத்தில் அதற்குக் குரவையும் கேட்கும். இத்தனைக்கும் நடுவில், பிள்ளை பிறந்த அந்த நாள் ஆண்டுதோறும் திரும்பி வருவதை மட்டும் பெரும்பாலான வீடுகளில் எவரும் கவனித்ததில்லை.

இப்போது கவனிக்கிறார்கள். கேக் செய்து விற்கும் பெண்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டிலும், கணவரே இல்லாத வீட்டிலும் அதனால் அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பலூன் கட்டி, மெழுகுதிரி ஊதி, கைத்தொலைபேசிக்கு முன்னால் மூன்று தரம் கேக் வெட்ட வைக்கப்பட்ட ஒரு சிறுவன், நாலாவது தரம் வீரிட்டு அழுததையும் பார்த்திருக்கிறேன். அந்த நாளை வைத்திருந்தவர்கள் பெரியவர்கள். பிள்ளை அதில் ஒரு சோடனை.

2024 டிசம்பரில் இளையவளுக்கு நான்கு வயது பூர்த்தியாக இருந்தது. மூத்த மகள் பத்து நாட்களுக்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

“வாப்பா, தங்கச்சிக்கு ஒரு சின்னக் கேக்காவது எடுப்பமா?”

நான் விடை சொல்வதற்கு முன் மௌலவி மச்சான் விடை சொன்னார். மனைவியின் தம்பி அவர். அயலூர் மத்ரஸா ஒன்றில் ஓதிக்கொடுக்கிறார். “புள்ள, கேக்கு வெட்டி, திரி ஊதி... அது நம்மட வழமையில்ல. மத்தவங்களப் பார்த்துச் செய்யிறது.” சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இந்தப் பக்கத்துப் புள்ளைகள அடக்கி மூணு கிழமையும் ஆகல்ல” என்றார்.

அதன் பிறகு மூத்தவள் ஒன்றும் பேசவில்லை. நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தேடியவர்களில் மச்சானும் ஒருவர். இடுப்பளவு சேற்றில் நின்றுவிட்டு வந்தவருக்கு முன்னால் பலூனைப் பற்றிப் பேச எவருக்கும் வாய் வராது.

ஆனால் மச்சான் மறுப்பை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகிற ஆளல்லர். திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, தாம் பிறந்த நாள் அது என்று நபி (ஸல்) அவர்கள் விடை பகர்ந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருவதை எடுத்துச் சொன்னார். “இம்முற பதினாறாம் திகதி திங்கட்கிழமதான் வருது மச்சான். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லணுமெண்டா உம்மாவும் வாப்பாவும் நோன்பு பிடிங்க. அதுல யாருக்கும் பேச்சில்ல” என்றார்.

அப்போதுதான் குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி தலையை நிமிர்த்தினார்.

“நோன்பப் பிடிங்க. ஆனா இவளுக்கு நாலு வயசு எப்பயோ முடிஞ்சி மருமகன். ஜமாதுல் அவ்வல் பிறை பார்க்கிற நேரம் பொறந்த புள்ள. ஒண்டரை மாசம் போயிட்டு.”

மாமியின் கணக்குச் சரிதான். பிறை ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. நான்கு ஆண்டுகளில் அது ஒன்றரை மாதமாகிவிடும். “அண்டைக்கு நான் எண்ட பாட்டுக்கு அளந்து குடுத்திட்டன். நீங்க உங்கட திகதிக்கும் குடுங்க. குடுக்கிறது கூடினா நட்டமா?” என்று கேட்டார்.

மாமியின் இந்த அளவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய உம்மா வழியாக வந்த வழக்கம் இது. பிள்ளை பிறந்த பிறை வந்ததும், வயதுக்கு ஒரு சுண்டு வீதம் அரிசி அளந்து, அதில் பிள்ளையின் கையை வைக்கச் சொல்லி, இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். சுண்டு என்பது ரின்பால் பேணிதான். ஒரு வயதுக்கு ஒரு சுண்டு, இரண்டு வயதுக்கு இரண்டு. திருமணமாகிப் போகும்வரை பெண்ணுக்கும், உழைக்கத் தொடங்கும்வரை ஆணுக்கும் அளப்பார். அதற்கு ஓர் ஓதலும் இல்லை, விருந்தும் இல்லை. “இன்னொரு வருசம் தந்தாய் ரஹ்மானே, அதுக்கு இது” என்பார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நானும் மனைவியும் நோன்பு நோற்றோம். மாமியும் நோற்றார். மூத்தவளும் யாரும் சொல்லாமலே ஸஹருக்கு எழும்பி வந்து உட்கார்ந்தாள். கடைகளில் நாட்டரிசிக்குத் தட்டுப்பாடாயிருந்த நாட்கள் அவை. வீட்டுப் பானையிலிருந்தே அளந்தோம். அஸருக்குப் பின் முன் விறாந்தையில் பாயை விரித்து, சுளகை வைத்து, பேணியை மகளின் கையில் கொடுத்தார் மாமி. இரண்டு கைகளாலும் பிடித்து அவள் அளந்தாள். முதற் சுண்டில் பாதி பாயில் கொட்டியது. கோழி ஒன்று ஓடி வந்தது. மூத்தவள் கோழியைத் துரத்த, இளையவள் சிரித்துச் சிரித்து இரண்டாவது சுண்டையும் கொட்டினாள். “பரவாயில்ல, கோழிக்கும் நஸீபிருக்கு” என்றார் மாமி.

நான்காவது சுண்டு நிறைந்ததும் மாமி சுளகை ஒருமுறை தட்டினார்.

“நாலு சுண்டு ஒரு கொத்து. எண்ட புள்ளைக்கு ஒரு கொத்து நெறஞ்சிட்டு.”

நான்கு என்பது எனக்கு அதுவரை ஐந்துக்கு முந்திய ஓர் எண்ணாகவே இருந்தது. பாடசாலையில் சேர்க்க இன்னும் வயதாகவில்லை என்று திருப்பியனுப்பும் எண். அன்று அது நிறைந்து தளும்பும் ஓர் அளவாகத் தெரிந்தது. மகள் அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூத்தவளின் விரலைப் பிடித்தபடி ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டுப் பெண் அவள் கையில் இரண்டு கொய்யாப்பழங்களை வைத்து அனுப்பியிருந்தார். மஃரிபுக்கு அந்தக் கொய்யாவையும் அரிந்து வைத்து நோன்பு திறந்தோம். பிறகு பாற்சோறும் வாழைப்பழமும். மச்சானும் வந்திருந்தார். அவருடைய மடியில்தான் மகள் தூங்கினாள்.

இனி மாமியின் மண் கிடைக்காத பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சானுக்குக் கீழே இன்னுமொருவர் இருந்தார். 1997இல், ரஜப் மாதம் பிறந்தவர். 2004ஆம் ஆண்டு ரஜபில் மாமி அவருக்கு ஏழு சுண்டு அளந்தார். அடுத்து வந்த டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடற்கரைப் பக்கத்துக் குர்ஆன் மத்ரஸாவுக்கு இரண்டு பிள்ளைகளும் போனார்கள். பெரியவர் திரும்பி வந்தார். சின்னவரின் மையத்தும் கிடைக்கவில்லை. மாமி மூன்று மாதங்களாக ஒவ்வொரு வைத்தியசாலையாக, ஒவ்வொரு முகாமாகப் போய்ப் பார்த்தாராம். கபுறு என்று போய் நின்று ஸலாம் சொல்வதற்கு இடமில்லை. வீடும் கடலோடு போய், பிறகு உள்ளே தள்ளிக் கட்டியதுதான் இப்போதிருக்கும் வீடு.

நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்தது அதன் பின்னர்தான். வந்த முதல் ரஜபில், சுபஹுத் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது மாமி தனியாக இருந்து அரிசி அளந்துகொண்டிருந்தார். ஏழு சுண்டு. அடுத்த ஆண்டும் ஏழு. அதற்கடுத்த ஆண்டும் ஏழு. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆண்டுக்கு ஒன்றாகக் கூடிய கணக்கு அவருக்கு மட்டும் ஏழிலேயே நின்றது. மச்சானின் படிப்புக்கு இதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்ல முடியும். நாள் குறித்துக் கொடுப்பது பற்றி அவர் மேடைகளில் பேசியும் இருக்கிறார். அந்தக் காலை வேளையில் மட்டும் அவர் வாய் திறந்ததில்லை.

மகளின் பிறந்த நாள் கழிந்து ஒரு மாதத்துக்குள், 2025 ஜனவரியில், மீண்டும் ரஜப் வந்தது. அளவையைப் பழகிவிட்ட இளையவள் பேணியின் சத்தத்துக்கு எழும்பி வந்து மாமியின் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

“இது யாருக்கு மூத்தம்மா?”

“உங்கட சின்ன மாமாக்கு.”

“அவருக்கு எத்தின வயசு?”

“ஏழு.”

அவள் விரல்களை விரித்து எண்ணிப் பார்த்தாள். “எனக்கு நாலு. எனக்கும் ஏழு வருமா?”

“வரும் புள்ள, இன்ஷா அல்லாஹ்.”

“பொறகு எட்டு வருமா?”

“வரும்.”

“அப்ப நான் மாமாவ விடப் பெரிசா?”

வாசலில் நின்ற நான் உள்ளே போகலாமா என்று யோசித்தேன். மாமி பேணியைக் கீழே வைக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து அரிசிக்குள் வைத்தார்.

“ஓம் புள்ள. நீங்க பெரிசா வரணும்” என்றார்.

ஏழாவது சுண்டை மகள்தான் அளந்தாள். இம்முறை ஒரு மணியும் சிந்தவில்லை. மச்சான் வந்து பையை எடுத்துச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனார். ஆண்டுதோறும் அவர்தான் கொண்டுபோகிறார். எந்த வீட்டுக்கு என்று நாங்கள் கேட்பதில்லை.