டிரைவருக்கு அளவெடுத்த கதை!

"சனிக்கிழமை டிரைவருக்கு அளவெடுக்கப் போறேன். நீங்களும் வர்றீங்களாப்பா?" என்றான் மகன்.

தோசைக் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் என் மனைவி. "டிரைவர் வெச்சிருக்கியா? சொல்லவேயில்லையேடா! ஏர்போர்ட்டுக்கு நீயேதானே வண்டி ஓட்டிட்டு வந்தே?"

"அன்னிக்கு அவருக்கு லீவா இருக்கும்" என்றேன் நான். "யூனிஃபார்ம் வெள்ளையா, காக்கியா?"

மகன் தலையில் அடித்துக்கொண்டு கராஜுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு நீளத் தடி. முனையில் தேங்காய் மூடி சைஸில் பளபளவென்று ஒரு தலை.

"இதாம்மா டிரைவர். கோல்ஃப்ல முதல் அடி அடிக்கிற மட்டை. பந்தை ரொம்ப தூரம் அனுப்பறது இதுதான்."

"இதுக்கு எதுக்குடா அளவு? இதென்ன ஜாக்கெட்டா?"

நியாயமான கேள்விதான். மாலிபு கோயில், டிஸ்னிலேண்ட், காஸ்ட்கோ என்று அமெரிக்கா வரும் பெற்றோருக்கு விதிக்கப்பட்ட மூன்று க்ஷேத்திரங்களையும் முடித்துவிட்டோம். இனி என்ன வேலை? கிளம்பிவிட்டோம்.

சான் டியாகோவிலிருந்து வடக்கே 35 மைல். இடது பக்கம் பசிபிக் சமுத்திரம் கூடவே ஓடி வருகிறது. ஊர் பெயர் கார்ல்ஸ்பாட். 1880களில் இங்கே கிணறு வெட்டியபோது கிடைத்த தண்ணீர், ஐரோப்பாவில் பொஹீமியா தேசத்து கார்ல்ஸ்பாட் ஊற்று நீர் மாதிரியே இருந்ததாம். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். மார்ச்சிலிருந்து மே வரை போனால், குன்றுச் சரிவில் சுமார் 50 ஏக்கருக்கு ஒரே பூவாகக் கலர் கலராக விரித்து வைத்திருப்பார்கள். நாங்கள் போனது செப்டம்பரில். "மண்ணு நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நம்மூரில் பட்டாசுக்கு சிவகாசி, பனியனுக்குத் திருப்பூர். அமெரிக்காவில் கோல்ஃப் மட்டைக்கு இந்த கார்ல்ஸ்பாட். காலவே, டெய்லர்மேட் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்கும் தலைமையகம் இங்கேதான். காலவே கம்பெனியை வளர்த்த ஈலி காலவே முதலில் ஜவுளித் தொழிலில் இருந்தவர். அடுத்து திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் விற்றார். அறுபது வயதைத் தாண்டியபின் மட்டைக்கு வந்தார். 1991-ல் அவர் விட்ட டிரைவருக்குப் பெயர் 'பிக் பெர்த்தா'. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வைத்திருந்த ராட்சச பீரங்கியின் பெயர் அது! பீரங்கி மாதிரியே விற்பனையும் வெடித்தது.

ஒரு காலத்தில் டிரைவரின் தலை மரத்தில்தான். பெர்சிமன் என்ற மரம். நம்ம கருங்காலிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இப்போது டைட்டானியம், கார்பன் என்று என்னென்னவோ வந்துவிட்டன. உள்ளே வெறும் காற்று. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனாலும் இந்த வகை மட்டைகளை இன்றைக்கும் 'வுட்' என்றுதான் சொல்கிறார்கள். 'மவுன்ட் ரோடு' என்று நாம் சொல்வதில்லையா, அப்படி!

நாங்கள் போன கடையில் ஒரு பக்கச் சுவரே கிடையாது. எதிரே பரந்த புல்வெளி. உள்ளே நின்று அடித்தால் பந்து வெளியே போய் விழும். பின்னால் ஆரஞ்சுப் பெட்டி மாதிரி ஒரு ரேடார் கருவி. அளவெடுப்பவர் தாடிக்காரர். சாந்தமான முகம். கட்டணம் 150 டாலர். எதையும் தொண்ணூறால் பெருக்கிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. 13,500 ரூபாய்! மட்டைக்கு அல்ல, அளவுக்கு!

தாடிக்காரர் முதலில் கேட்டது: "உடம்பில் எங்கேயாவது வலி உண்டா?"

"இல்லை" என்றான் மகன், பளிச்சென்று.

"ராத்திரி முதுகுல தைலம் தேய்ச்சுக்கறானே, அதைச் சொல்லலையா?" என்றாள் என் மனைவி, எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துக்கொண்டு. தாடிக்காரருக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் அம்மாக்களின் தொனி எந்த ஊரிலும் புரியும் போலிருக்கிறது. மகன் நெளிந்தான். "லேசா... இடுப்புகிட்ட" என்று ஒப்புக்கொண்டான்.

அடுத்து உயரம். பிறகு, நிமிர்ந்து நிற்க வைத்து மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடித்தார். இந்த அளவைப் பிரபலமாக்கியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். செருப்புத் தைப்பவரின் மகன். தானும் அந்தத் தொழில் செய்தவர். பிற்பாடு ஜெனரல் எலெக்ட்ரிக்கில் என்ஜினீயர். 1959-ல் அவர் செய்த மட்டை பந்தைத் தொட்டால் 'பிங்' என்று சத்தம் வந்தது. கம்பெனிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்! ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு, மட்டை மட்டும் ஏன் ஒரே மாதிரி என்று கேட்டவர். காலுக்கு அளவெடுத்த கைக்குத் தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்?

"உங்கள் வேகம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் தாடிக்காரர்.

"மணிக்கு 105 மைல்."

அடித்தான். திரையில் 92.

"இன்னும் சூடாகலை" என்றான். மறுபடி அடித்தான். 91. அதற்கடுத்து 92. ரேடாருக்கு தாட்சண்யம் கிடையாது. பந்துகளும் நேரே போகாமல் ஒவ்வொன்றாக வலது பக்கம் வளைந்து, பக்கத்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி நழுவின.

தாடிக்காரர் மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடரை அடித்து, "இப்போது அடியுங்கள்" என்றார். பந்து பட்ட இடங்கள் நடுவில் இல்லை. தண்டை ஒட்டி ஓரமாக விழுந்திருந்தன. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் நடக்கிற தப்புதான் அத்தனை தூரத்தையும் தின்றுவிடுகிறது.

"இந்த மட்டை யாருடையது?" என்று கேட்டார்.

குட்டு உடைந்தது. ஆபீஸ் மேனேஜர் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். அதைப் பார்த்து இவனும் பழையதாக ஒன்று வாங்கியிருக்கிறான். விறைப்பான தண்டு, ஒன்பதே டிகிரி சாய்வு. மேனேஜர் ஆறடி மூன்று அங்குலம். என் மகன் ஐந்தரை அடி. மேனேஜரின் வேகத்துக்குப் பொருத்தமானதை இவன் இரண்டு வருஷமாக முதுகு வலிக்க வலிக்க வீசியிருக்கிறான்.

"பொருந்தவில்லை என்று தோன்றவேயில்லையா?"

மகன் சிரித்தான். இங்கிலீஷில் சொன்னான்: "எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஆறாம் கிளாஸில் ஷூ இரண்டு சைஸ் பெரிசு. முன்னாடி நியூஸ் பேப்பர் அடைத்துப் போட்டுக்கொள்வேன். ஸ்போர்ட்ஸ் டேயில் நூறு மீட்டர் ஓடினேன். பாதியிலேயே ஒரு ஷூ கழன்று போய்விட்டது."

அந்த ஷூவை வாங்கியவன் நான். 'வளர்ற பையன்' என்று சொல்லிக் கடைக்காரரிடம் பெரிய சைஸ் கேட்டவன் நான். பேப்பரைக் கசக்கி அடைத்ததும் என் கைதான். அன்று சாயங்காலம், "வயித்து வலிப்பா, ஓடலை" என்றான். நானும் நம்பி ஓமவாட்டர் கொடுத்தேன்.

தாடிக்காரர் அனுதாபமெல்லாம் படவில்லை. "பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

தண்டை மாற்றினார். எடை குறைவு, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற ஜாதி, நீளத்திலும் முக்கால் அங்குலம் கம்மி. தடி குட்டையானால் நடுவில் அடிப்பது சுலபமாம். தலையும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு திருகு. அதைக் கழற்றித் தலையைத் திருப்பி வைத்தால் சாய்வு மாறுகிறது. ஒன்பதை பதினொன்றாக்கினார். அடிப்பக்கத்தில் ஒரு குட்டி எடையை இடம் மாற்றினார். வலது பக்கம் வளைகிற வியாதிக்கு மருந்து. சின்ன ஸ்பானரைத் திருக, 'டக்'கென்று சத்தம் வந்ததும் நிறுத்தினார். அதற்கு மேல் முறுக்கக் கூடாதாம். ஆட்டத்தின் நடுவே இப்படித் திருகுவதும் சட்டப்படி கூடாது.

"பலமாக அடிக்காதீர்கள். உங்கள் அடியை அடியுங்கள்."

அடித்தான். சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து உயரமாக எழும்பி, வலது பக்கம் லேசாக எட்டிப் பார்த்துவிட்டு, மனம் மாறி நடுவில் போய் இறங்கியது. வேகம் அதே 92. தூரம் மட்டும் 194 கஜத்திலிருந்து 214!

"இருபது கஜமா! ஆறு புடவைக்கு மேல வருமே" என்றாள் என் மனைவி. ஆறு கஜக் கணக்கில் மூன்றுதான் வரும். திருத்தவில்லை, நல்ல மூடில் இருந்தாள்.

பொருத்தமான மட்டையின் விலையைச் சொன்னார்கள். நான் தொண்ணூறால் பெருக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது சமுத்திரம் வலது பக்கம் வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன்.

"அன்னிக்கு எத்தனையாவதா வந்தே?"

அவனுக்கு உடனே புரிந்தது. "நாலாவதுப்பா. ஒரு ஷூவோட."

"சொல்லியிருக்கலாமே..."

"அந்த மாசம் நீங்க உங்க செருப்பைத் தைச்சுத் தைச்சுப் போட்டுக்கிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

அதற்கப்புறம் நான் பேசவில்லை.

வழியில் ஒரு ஷூக் கடை முன் வண்டியை நிறுத்தினான். "உங்களுக்குத்தான், வாங்க" என்றான். கடைக்காரரிடம் வழக்கம்போல், "ஒன்பது" என்றேன். அவர் என் காலை ஓர் உலோகத் தட்டின் மேல் வைத்து, முள்ளை நகர்த்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மகன் குனிந்து பார்த்தான்.

"எட்டுதான்பா!"

அறுபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன். 'வளர்ற பையன்' என்று என் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த நம்பர் அந்த ஒன்பது. நான் வளர்வது நின்று ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதே நம்பரைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

புது ஷூவில் நாலடி நடந்து பார்த்தேன். கழலவில்லை.

வெளியே வரும்போது என் மனைவி சொன்னாள்: "டிரைவருக்கு அளவெடுக்க வந்தோம். ஓனருக்கும் எடுத்தாச்சு!"