சட்டையைக் கழற்றிப் பார்

அன்புள்ள தம்பி குமாருக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

இடப்பக்க விலா திகுதிகுவென்று எரிகிறது, சட்டை உரசினால்கூடத் தாங்கவில்லை என்கிறாயாம். சாந்தி சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இ.சி.ஜி. எடுத்தது நல்ல காரியம். உன் வயசில் நெஞ்சுப் பக்கம் வலித்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதில் ஒன்றுமில்லை என்றதும் வாயு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாயே, அதுதான் கோபம்.

அம்மாவுக்கு வந்தது மறந்துபோச்சா? முதுகிலிருந்து வயிறு வரை ஒரே பக்கமாய் வலி. ஒரு டாக்டர் வாயு என்றார். இன்னொருவர் சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எழுதினார். கல் இல்லை. அதற்குள் வலித்த இடமே சிவந்து கொப்புளம் வரிசை கட்டிவிட்டது. அக்கி! அப்புறமும் காவி எழுதினால் போய்விடும் என்று பெரியப்பா கூட்டிப் போனார். கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் போகவில்லை. கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் புடவை பட்டாலே துடிப்பாள்.

டாக்டர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கொப்புளம் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடும். வெறும் வலியை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? சின்ன வயசில் போட்ட சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் அடங்கிக் கிடந்து, எதிர்ப்பு குறையும்போது அந்த நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. நீ அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்தவன்தானே. இப்போது சர்க்கரை வேறு.

அதனால் காலையும் ராத்திரியும் முதுகையும் விலாவையும் சாந்தியைப் பார்க்கச் சொல். ஒரு பக்கமாய்ப் பட்டையாகச் சிவந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். சின்ன வயசில் அம்மை போட்டதையும் சொல். கொப்புளம் காயும்வரை பேத்தியைத் தூக்காதே. உன்னிடமிருந்து அவளுக்கு அம்மை தொற்றலாம். வியர்த்துக் கொட்டினாலோ மூச்சு வாங்கினாலோ இ.சி.ஜி. சரியாக இருந்தது என்று சும்மா இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஐம்பது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது, இரண்டு ஊசி. விலைதான் அதிகம். மாமாவுக்குப் போடக் கேட்டு வைத்திருக்கிறேன். இது என்னவென்று தெரிந்து குணமானதும் நீயும் டாக்டரிடம் கேள்.

இன்று ராத்திரியே சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா