ஓய்வுக்காலச் சேமிப்பும் ஜகாத்தும்: இரு கணக்குகளுள் எது?



ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்ச காலத்திற்கெனச் சேமித்துவைக்கச் சொன்னவர் யூசுஃப் (அலை) அவர்கள். ஆகவே, முதுமைக்காகச் சேமிப்பது தவக்குலுக்கு முரணானதன்று. அமெரிக்காவில் வாழும் நம்மவர்க்கு எழும் கேள்வி, எந்தக் கணக்கில் சேமிப்பது என்பதே.

1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ. தகுதியுடையோர்க்கு, இதில் செலுத்தும் தொகைக்கு இன்று வரி இல்லை. எடுக்கும்போது முழுமைக்கும் வரி உண்டு. 1998 முதல் நடைமுறையில் உள்ள ராத் ஐ.ஆர்.ஏ. இதற்கு நேர்மாறானது. வரி கட்டிய பணத்தையே செலுத்துகிறோம். 59½ வயதும் கணக்கு தொடங்கி ஐந்து ஆண்டுகளும் நிறைந்தபின் இலாபத்திற்கும் வரி இல்லை.

வரி விகிதம் மாறாவிடில் இரண்டும் ஒன்றே. 1,000 டாலர் நான்கு மடங்காகி, 12 விழுக்காடு வரி போனால் மிஞ்சுவது 3,520. முதலிலேயே வரி போக 880 டாலரைச் செலுத்தினாலும், நான்கு மடங்கில் அதே 3,520 தான். எனவே, இன்று குறைந்த வரி செலுத்துவோர்க்கு ராத் ஏற்றது; இன்று மிகுந்த வரி செலுத்தி, ஓய்வில் வருமானம் குறையும் என எதிர்பார்ப்போர்க்கு மற்றது ஏற்றது.

மதரஸா ஆசிரியனாகிய நான் 12 விழுக்காட்டுப் படியில் இருப்பவன். இவ்வாண்டு 3,000 டாலர் ஒதுக்கியபோது, "பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கே, வரி குறைஞ்சா உதவுமே?" என்றார் என் மனைவி. நியாயமான கேள்வி. குறையும் வரி 360 டாலர். எங்களுக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் ராத் கணக்கையே தேர்ந்தோம்.

காரணம் வரி மட்டுமன்று. டிரெடிஷனல் கணக்கில் தெரியும் தொகையில் அரசின் பங்கும் கலந்திருக்கிறது. உரிய வயதுக்கு முன் எடுத்தால், விலக்குகள் நீங்கலாக, வரியோடு 10 விழுக்காடு அபராதமும் உண்டு. அதனால் அதன் ஜகாத்தை ஆண்டுதோறும் கொடுப்பதா, கைக்கு வந்தபின் கொடுப்பதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ராத் கணக்கிலோ, நாம் செலுத்திய அசலை எப்போது வேண்டுமானாலும் வரியும் அபராதமுமின்றி எடுக்கலாம். "என் கையில் இல்லை" என்று அந்த அசலைப் பற்றிச் சொல்ல எனக்கு இடமில்லை. நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத் கணக்கில் அதையும் சேர்க்கிறேன். கல்லூரிக் கட்டணத்திற்கு நெருக்கடி நேர்ந்தாலும் அந்த அசல் உதவும்.

சகோதரர்களே, ஒன்றை மறவாதீர்கள். கணக்கு என்பது வெறும் பாத்திரம். ஹலால், ஹராம் என்பது அதனுள் இடும் பொருளைப் பொறுத்தது. வட்டிப் பத்திரங்கள் நிறைந்த நிதியத்தில் முதலிட்டால், எந்த வரிச் சலுகையும் அதைத் தூய்மையாக்காது. உள்ளிருப்பது எதுவெனப் பாருங்கள். ஜகாத் பற்றி நம்பகமான ஆலிமிடமும், வரி பற்றி அதனை அறிந்தவரிடமும் கேளுங்கள்.

நம் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.