கதவைச் சாத்திய பிறகு

"எல்லாரும் ஆபீஸ் போனதும் நாய் என்னதான் பண்ணும்?" பெரும்பாலும் தூங்கும். 2011இல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வில், 12 நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் வீட்டில் தனியே விட்டு வீடியோ எடுத்தார்கள். அதிக நேரம் படுத்தேதான் கிடந்தன. அரை மணியில் திரும்பியவரைவிட இரண்டு மணி கழித்து வந்தவருக்கு வரவேற்பு பலமாம். நான்கு மணி நேரம் கழித்து வந்தாலும் அது அதற்குமேல் கூடவில்லை!

எங்கள் நாய் மணி அந்த ரகமில்லை. பூட்டுச் சத்தம் கேட்டாலே ஊளை. கதவு நிலையெல்லாம் நகக்கீறல். பழிவாங்குகிறான் என்கிறார் மாமியார். இல்லை அத்தை, அது பயம். அடித்தால் இன்னும் கூடும். அதற்குப் பதில், சாவியை எடுத்துவிட்டு, வெளியே போகாமல் உட்கார வேண்டும். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று தனியே விட்டு மெல்லப் பழக்க வேண்டும். இப்போதைக்கு, கீழே போய்க் குப்பை கொட்டிவிட்டு வரும்வரை தாங்குகிறான்.