பதினைந்து பாகை

தமிழ் இலக்கணத்தில் உங்களுக்குப் பிடித்த சொல் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் 'வழுவமைதி' என்று சொல்வேன். வழு என்றால் பிழை. பிழையற்ற நிலை வழாநிலை. இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்ளாமல் நம் இலக்கணிகள் மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள். பிழைதான், ஆனாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாக வகுத்துக்கொண்டு நன்னூலின் பொதுவியல் இதைப் பேசுகிறது. வாசலில் நின்று அழைக்கும் நண்பனுக்கு, சட்டையை மாட்டிக்கொண்டே 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுக்கிறோம். இன்னும் வரவில்லை, வரப்போவதை வந்ததாகச் சொல்கிறோம். கணக்குப்படி இது கால வழு. விரைவு கருதிச் சொன்னதால் அமைதி பெறுகிறது. பசுவை அன்பு மிகுதியால் தாய் என்று உயர்திணையில் அழைக்கிறவரையும் இலக்கணம் இப்படியே மன்னிக்கிறது.

இருபது ஆண்டுகளாக நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். இதற்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்தது எங்கள் கல்லூரி மைதானத்தில், ஓர் இளைஞனின் வலது முழங்கையில்.

கிரிக்கெட்டில் பந்தை வீச வேண்டும், எறியக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால்தான் சிக்கல். கை மடங்கியிருப்பது குற்றமன்று. கை தோள் உயரத்துக்கு வந்த பிறகு, பந்து விரல்களை விட்டு நீங்கும் முன், மடங்கிய முழங்கை நீளக் கூடாது என்பதே விதி. மாமரத்தில் கல் எறியும் சிறுவனின் கையை நினைத்துப் பாருங்கள். முழங்கை மடங்கிச் சொடுக்கி நீளும். நம் தெருக்களில் இப்படி வீசுகிறவனை 'மாங்கா அடிக்கிறான்' என்று கேலி செய்வது அதனால்தான். கேலிக்குள் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. மட்டை பிடிப்பவன் பந்தைத் தவறவிட்டால் அவனைத் திறமை குறைந்தவன் என்பார்கள். எறிகிறவனை ஏமாற்றுக்காரன் என்பார்கள். உடம்பின் பிழை ஒழுக்கத்தின் பிழையாகப் பார்க்கப்படுகிறது.

இந்தப் பார்வையின் கொடுமையை உலகமே பார்க்க அனுபவித்தவர் முத்தையா முரளிதரன். 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவரின் பேரன். 1995 டிசம்பர் 26-இல் மெல்போர்ன் மைதானத்தில், நடுவர் டேரல் ஹேர் அவருடைய பந்துகளை எறிபந்துகள் என்று அடுத்தடுத்து அறிவித்தார். 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவர் கையைப் பரிசோதித்தவர்கள், பிறவியிலேயே அந்த முழங்கை முழுதாக நீளாதது என்று கண்டார்கள். மடங்கியே இருக்கும் கை, சுழலும் வேகத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு நீள்வது போலத் தோன்றியது. சந்தேகம் அதோடு ஓயவில்லை. 2004-இல் முழங்கையை அசையவிடாத கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு, அதே பந்துகளைக் கேமரா முன்னால் வீசிக் காட்டினார்.

அதே ஆண்டு சாம்பியன்ஸ் டிராபி போட்டியில் பந்துவீச்சாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நீண்டது. அப்பழுக்கற்றது என்று புகழப்பட்ட கைகளும் நீண்டன. வழாநிலை என்று ஒன்று மைதானத்தில் இல்லவே இல்லை! ஆகவே 2005 மார்ச் முதல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பு 15 பாகை, அதாவது 15 டிகிரி வரை, முழங்கை நீளலாம் என்று வரம்பு வகுத்தது. அதற்குக் குறைந்த நீட்சியைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்பதும் ஒரு காரணம். நன்னூல் படித்தவனுக்கு இது என்னவென்று தெரியும். பதினைந்து பாகை என்பது ஒரு வழுவமைதி.

இனி சேலத்துக்கு வருவோம். தாரமங்கலத்தைத் தாண்டி இடைப்பாடிப் பக்கமாகப் போனால் சின்னப்பம்பட்டி. தந்தை தறிக்கூடத்தில் கூலி வேலை, தாய் சாலையோரக் கடை. அந்த வீட்டுப் பிள்ளை தங்கராசு நடராஜன் ஏறத்தாழ இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். ஊரில் அவருக்கு வழிகாட்டிய ஜெயபிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பினார். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டு அணிக்காக முதன்முதலாக ஆடினார். ஆடிய கையோடு, அவர் பந்துவீச்சு ஐயத்துக்குரியது என்று புகார் வந்தது. வாழ்க்கையின் கதவு திறந்த அன்றே சாத்தியது போல.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஊருக்குத் திரும்பி டென்னிஸ் பந்து நாயகனாகவே இருந்துவிடலாம். அல்லது பத்துப் பதினைந்து ஆண்டுகள் உடம்பில் ஊறிய ஓர் அசைவைப் பிரித்துப்போட்டு மறுபடி நெய்யலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். சுனில் சுப்பிரமணியன், டி. வாசு போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் உடனிருந்து உதவினார்கள். வேகப்பந்து வீச்சாளரின் கையைச் சரிசெய்தவர்கள் சுழற்பந்து வீச்சாளர்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஓராண்டுக்கு மேல் ஆனது. 2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீகில் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். 2017 பிப்ரவரி ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலை கொண்டவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் போட்டி, அடுத்து இருபது ஓவர் போட்டி. 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. தோல் பந்து 160 கிராமை ஒட்டியது. எடை குறைந்த பந்து காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை விரைவாக அனுப்ப, உடம்பு தானாகவே ஒரு குறுக்குவழி தேடும், முழங்கை சொடுக்கும். அதே டென்னிஸ் பந்து தரையில் பட்டால் உயரமாக எழும்பும், எழும்பினால் அடிதான். எனவே அடிபடாமல் தப்பிக்க ஒரே இடம் மட்டையாளனின் காலடி. நடராஜனுக்குப் புகழ் தேடித் தந்த யார்க்கர் அங்கே பிறந்தது. 2020 நவம்பரில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த பந்து, சின்னப்பம்பட்டி மண்ணில் பழகிய பந்துதான். வழுவும் வரமும் ஒரே கொடியில் காய்க்கின்றன. களை பறிக்கிறேன் என்று கொடியையே பிடுங்கிவிடாமல் இருப்பதுதான் திருத்துகிறவனின் கலை.

கோல்ஃப் ஆட்டத்தில் இக்கலை பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்துகளை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆசிரியர் நிற்க, மணிக்கணக்காக ஒரே வீச்சை வீசுவார்கள். 1983-இல் ஐரோப்பாவின் முதல் நிலை ஆட்டக்காரராக இருந்த நிக் ஃபால்டோ, 1985-இல் டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் வீச்சை அடியோடு மாற்றித்தரும்படி கேட்டார். இரண்டு ஆண்டுகள் பின்னடைவு. 1987-இல் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓபன் இறுதிச் சுற்றின் 18 குழிகளையும் குறித்த அடிகளிலேயே, ஒன்று கூடாமல் குறையாமல் முடித்து வென்றார். டைகர் உட்ஸ் 1997-இல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடிகள் வேறுபாட்டில் வென்ற பிறகும், புட்ச் ஹார்மனிடம் தன் வீச்சைத் திருத்திக்கொண்டார். 1998-இல் அமெரிக்கச் சுற்றில் அவருக்குக் கிடைத்தது ஒரே வெற்றி. 2000 ஜூன் முதல் 2001 ஏப்ரல் வரை நான்கு பெரும் போட்டிகளையும் வரிசையாக வென்றார்.

கோல்ஃப் பழகுகிறவர்களிடம் பரவலாகக் காணும் பிழை ஒன்று: பந்து வலப்பக்கமாக வளைந்து போகும். அதற்கு அஞ்சி இடப்பக்கம் குறிவைப்பார்கள். குறிவைக்க வைக்க வளைவு கூடும். ஏனென்றால் கோளாறு பந்து போகும் திசையில் இல்லை. கோலைப் பிடிப்பதிலோ, கோல் வந்து இறங்கும் பாதையிலோ இருக்கிறது. நோய் ஓரிடம், வலி வேறிடம்.

எங்கள் மைதானத்து இளைஞனின் கதையும் இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் படிக்க வந்தவன். ராசிபுரம் பக்கத்துக் கிராமம். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்யும் குடும்பம். ஊர் ஊராக நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் இவனை வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். பரிசுப் பணத்தில் இவன் பங்குதான் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும். கல்லூரி அணிக்காக இவன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே நடுவர் கையை நீட்டினார், எறிபந்து என்று. எதிரணிப் பையன்கள் சிரித்தார்கள்.

சர்க்கரை நோய்க்காக அதிகாலையில் மைதானத்தைச் சுற்றி நடப்பவன் நான். ஆகவே பிறகு நடந்ததையெல்லாம் தினமும் பார்க்க வாய்த்தது. எங்கள் உடற்கல்வி இயக்குநர் முதலில் அவனைச் செல்பேசியில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். அவன் நம்பவில்லை. "நேராத்தானுங்க வருது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உடம்பு நேர் என்று உணர்வது வேறு, நேராக இருப்பது வேறு. இயக்குநர் அவன் முழங்கையைத் தொடவே இல்லை. "கோளாறு உன் முன்கால்ல இருக்குது" என்றார். பந்தை விடும் வேளையில் இடது கால் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறது. உடம்பின் பலம் பந்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்தக் குறையைக் கை ஈடுகட்டுகிறது. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. ஏமாற்றுக்காரன் என்று சிரிக்கப்பட்ட கை, உண்மையில் காலின் கடனை அடைத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் மூன்று மாதம் ஓட்டம் கிடையாது, மட்டையாளன் கிடையாது. நின்ற இடத்திலிருந்து, வலைக்குள், சுண்ணாம்பால் போட்ட கோட்டில் இடது காலை ஊன்றி வீச வேண்டும். பழைய நோட்டின் தடித்த அட்டையைச் சுருட்டி முழங்கையில் துணியால் கட்டியிருப்பார்கள். நாளொன்றுக்கு 60 பந்துகள். வேகம் போய்விட்டது. ஊர் அணியில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். பொங்கல் போட்டிக்கு வேறொருவனை அழைத்துக்கொண்டார்கள். ஒருநாள் நடைபாதையில் என்னை நிறுத்திச் சொன்னான்: "பழைய பந்தும் போயிருச்சு, புதுசும் வரலீங்கய்யா. ஊர்ல இப்ப யாரும் கூப்பிடறதில்லீங்க."

என்னிடம் அதற்கு விடை இல்லை. சோறு போட்ட கையை அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது திருப்பித் தருவோம் என்று சொல்ல முடியாமல் நிற்பது எளிதன்று. நடராஜன்களைப் பற்றி நாம் பேசுகிறோம். திருத்தத்தின் நடுவழியில் பழையதும் புதியதும் இல்லாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த நடுவழியைத் தாங்குவதற்குத் தேவை திறமை மட்டுமன்று. அதுவரை பேருந்துச் செலவைக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஃபால்டோவுக்கு அந்தக் கவலை இல்லை. நடராஜனுக்கு ஒரு ஜெயபிரகாஷ் இருந்தார். அந்த நன்றியை நடராஜன் ஜெர்சியில் 'ஜேபி' என்று எழுதிக்கொண்டார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் திறந்த கிரிக்கெட் மைதானத்தையும் அதன் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். எங்கள் துறையில் நான்கு பேர் பேசிக்கொண்டு அவன் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டோம். பெரிய செயல் ஒன்றுமில்லை. அவன் இரண்டு வாரம் வராமலிருந்துவிட்டு மறுபடி வலைக்கு வந்தான்.

கடந்த ஆண்டு, கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில் அவன் மீண்டும் வீசினான். நான்கு ஓவர், 31 ஓட்டங்கள், ஒரு விக்கெட். சாதனை என்று சொல்ல ஏதுமில்லை. பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை; காலடியில் விழும் பந்து மட்டும் அப்படியே இருந்தது. முழங்கை இன்னும் சற்று நீளத்தான் செய்கிறது என்கிறார் இயக்குநர், எல்லோருக்கும் நீளும் அளவுக்கு. நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து பந்தைப் பார்க்காமல் நடுவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு பந்துகளிலும் அந்தக் கை அசையவில்லை.