பீரோவுக்குப் பின்னாடி ஒரு சுவர்

"பி.காம் முடிச்சுட்டு என்ன பண்ணப் போற?"ன்னு கேக்காத சொந்தக்காரங்க எனக்கு யாரும் இல்ல. சி.ஏ., பேங்க் எக்ஸாம், குரூப் ஃபோர்... இந்த மூணுல ஒண்ணைச் சொன்னா நிம்மதியா காபி குடிச்சுட்டுக் கிளம்பலாம். போன தடவை ஒரு பெரியப்பாகிட்ட வாய் தவறி, "ஹோம் ஸ்டேஜிங் பண்ணலாம்னு இருக்கேன் பெரியப்பா"ன்னு சொல்லிட்டேன். "மேடை நாடகமாடா?"ன்னார்.

பாதி சரிதான். விக்கப் போற வீட்டை, வாங்க வர்றவங்க கண்ணுக்குப் பிடிக்கிற மாதிரி தயார் பண்ணி வைக்கிறதுதான் இந்தத் தொழில். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் வீடு வித்துக் கொடுத்துட்டிருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ்ங்கிற அம்மா 1972-ல ஆரம்பிச்சு வெச்சது. அவங்களுக்கு நாடகத்துல பழக்கம் உண்டு. "உங்க வீடு குப்பையா கிடக்கு"ன்னு வீட்டுக்காரங்க முகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? அதனால, மேடையில காட்சி அமைக்கிற மாதிரி வீட்டையும் அமைக்கலாம்னு சொல்லிப் புரிய வெச்சாங்களாம்.

நம்ம ஊர்ல இதுக்குப் பேர்தான் கிடையாது. வேலை ரொம்ப நாளா நடக்குது. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா என்ன பண்ணுவோம்? எதிர் வீட்டுல நாலு சேர், பக்கத்து வீட்டுல நல்ல டம்ளர் செட்டு, கொடியில காயற துணியெல்லாம் மாடிக்கு, வாயாடி மாமா கடைத்தெருவுக்கு. அவ்ளோதான் ஸ்டேஜிங்.

நான் இதைச் செஞ்சு பாத்தது எங்க தாத்தா வீட்டுல. ஏற்காட்டுல கிளியூர் அருவிக்குப் போற பக்கம், மலைச்சரிவை வெட்டிக் கட்டின மூணு ரூம் ஓட்டு வீடு. முன்னாடி கொஞ்சம் காபிச் செடி, சில்வர் ஓக் மேல ஏறின மிளகுக் கொடி. சித்தப்பாவோட ஆபரேஷனுக்கு வாங்கின கடன் வட்டி மேல வட்டி ஏறிட்டே போனதால வித்துடலாம்னு முடிவாச்சு. ஆயாவுக்கும் சம்மதம்தான், "கடன் வேணாம், வித்துருங்க"ன்னுட்டாங்க. நாலு பார்ட்டி வந்தாங்க. நாலு பேரும் "சொல்லி அனுப்பறோம்"னு போனவங்கதான்.

ரெண்டாம் வருஷ லீவு, மே மாசம். அப்பாகிட்ட பதினஞ்சு நாளும் பதினஞ்சாயிரம் ரூபாயும் கேட்டேன். முறைச்சுட்டுக் கொடுத்தார்.

இந்த வேலைக்கு டிசைன் ஞானம்தான் முக்கியம்னு நினைச்சிருந்தேன். அது மூணாவதோ நாலாவதோதான்னு பிறகு தெரிஞ்சுது. முதல்ல வேண்டியது, சொந்த வீட்டை அந்நியன் மாதிரி பாக்கத் தெரியணும். இது சொல்ற அளவுக்குச் சுலபமில்ல. அந்த ஹால்ல பதினோரு காலண்டர் தொங்குச்சு, அதுல ஏழு பழைய வருஷத்துது. இருபது வருஷமா அந்த வீட்டுக்குப் போய் வர்றேன், ஒரு நாள் கூட எண்ணினதில்ல. அதனால ஒரு வேலை பண்ணேன். கேட்டுக்கு வெளியே போய், சேலத்துல இருந்து கார்ல வர்ற பார்ட்டி மாதிரி நடந்து உள்ள வந்தேன். அப்பதான் ஒரு விஷயம் உறைச்சது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, தலை சுத்தி, வழியில ஒரு குழந்தை வாந்தியும் எடுத்து வந்து இறங்கறவங்க முதல்ல தேடறது வியூ இல்லீங்க, பாத்ரூம். எங்க வீட்டு பாத்ரூம் கொல்லைப்பக்கம், தாழ்ப்பாள் இல்லாம, நாப்பது வாட்ஸ் குண்டு பல்போட இருந்துச்சு. முதல் செலவு அங்கதான். 4,200 ரூபாய்.

பெயிண்டும் கூலியும் 6,500. பல்பு, திரைத்துணி 1,900. ரெண்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி 1,600. ஆக மொத்தம் 14,200. (மூலதனச் செலவா, வருவாய்ச் செலவான்னு கேட்டு யாரும் மார்க் போட வேணாம்!)

ரெண்டாவது, பேசத் தெரியணும். குடும்பப் படங்களை எடுத்துடுங்க, வாங்கறவங்க தங்களை அந்த வீட்டுல வெச்சுப் பாக்கணும்னு ஸ்டேஜிங் குறிப்புகள்ல எல்லாம் போட்டிருக்கும். நம்ம ஊர்ல மாலை போட்ட தாத்தா படத்தைக் கழட்டச் சொல்லிப் பாருங்க, தெரியும். மூணு நாள் நான் வாயே திறக்கல. நாலாவது நாள், "ஆயா, தாத்தாவை உன் ரூம்ல மாட்டிக்கலாமா? படுத்தபடியே பாக்கலாம்"னேன். ஆயா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "சரி கண்ணு, ஆனா பல்பு எரியணும்"னாங்க. தாத்தாவோட சின்ன சிவப்பு பல்புக்குத் தனி வயர் இழுத்தோம்.

மூணாவது, நேரம் தெரியணும். மலையில காலைல பத்து மணி வெயில்ல ஒரு வீடு, மத்தியானம் பனிமூட்டம் இறங்கினா வேற வீடு. ஜன்னலை மறைச்சுட்டிருந்த செம்பருத்தியைப் பாதிக்கு வெட்டினேன். ஹாலுக்குள்ள தரை வரைக்கும் வெளிச்சம் விழுந்துச்சு. பூட்டியே கிடந்த ரூம்ல ஒரு வாடை இருக்கும்ல, அதுக்கு ஆயா சாம்பிராணி போடலாம்னாங்க. வேணாம்னுட்டேன். சாம்பிராணி வாசம் வந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு தோணும்னு பெரிய இவன் மாதிரி விளக்கம் வேற கொடுத்தேன். பத்து நாள் கதவு ஜன்னலைத் திறந்து போட்டதும் வாடை போயிடுச்சு.

இவ்வளவு வியாக்கியானம் பேசினவன் அதுக்கப்புறம் பண்ணின காரியத்தைக் கேளுங்க.

பின் ரூம்ல ஒரு சுவர் மலை மண்ணோட ஒட்டி நிக்கும். மழைக்காலத்துல மண்ணுல இறங்கற தண்ணி சுவர் வழியா உள்ள வரும். ஐப்பசி, கார்த்திகைல கை வெச்சா ஜில்லுன்னு ஊறிக் கிடக்கும். மே மாசத்துல வெறும் கறை மட்டும் தெரியும், பழுப்பா, ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு. "பட்டி பாத்து ரெண்டு கோட் அடிச்சா தெரியாது தம்பி, மழை வந்தா கொப்புளிக்கும், அப்ப நீங்க இருக்க மாட்டீங்களே"ன்னார் பெயிண்டர். அவரா நல்லவர்தான், உள்ளதைச் சொன்னார். நான் பட்டி பாக்கல. அதைவிட மலிவா ஒண்ணு தோணுச்சு. முன் ரூம்ல இருந்த பீரோவை நாலு பேர் சேந்து தூக்கிட்டு வந்து அந்தக் கறைக்கு முன்னாடி நிறுத்தினோம். அளவெடுத்த மாதிரி பொருந்துச்சு. போட்டோல அந்த ரூம்தான் சூப்பரா விழுந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல சேலத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு தம்பதி வந்தாங்க. அந்தம்மா ஹால்ல வெளிச்சத்துல நின்னுட்டு, "இங்க ஊஞ்சல் போடலாங்க"ன்னாங்க. ஊஞ்சல் எங்க போடலாம்னு பேச ஆரம்பிச்சா மனசளவுல வீடு வித்தாச்சு. அப்பா முகத்துல ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பைப் பாத்தேன். ஆயா காபி கொண்டு வந்து வெச்சுட்டு, சாதாரணமா சொன்னாங்க: "பின் ரூம்ல பீரோவுக்குப் பின்னாடி செவுரு ஊறுமுங்க. ஐப்பசில. கட்டிலை அந்தப் பக்கம் போட்டுறாதீங்க, முதுகு புடிச்சுக்கும்."

யாரும் பேசல. அந்தப் பெரியவர் டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "பீரோவை நகத்திப் பாக்கலாங்களா?"ன்னார். நகத்தினோம். தூக்கி வெச்ச அதே நான்தான் ஒரு முனையைப் பிடிச்சேன்.

அவங்க ஓடிப் போயிடல. அடுத்த வாரம் ஒரு மேஸ்திரியோட வந்தாங்க. மண்ணை ஒதுக்கி, சுவர் ஓரமா வாய்க்கால் வெட்டி, பூச்சைக் கொத்தி எடுத்துட்டுத் திரும்பப் பூசணும்னு கணக்குச் சொன்னார். பேசிப் பேசி விலைல 1,25,000 குறைஞ்சுது. கடன் முழுசா அடையல. அப்பா ஆயாகிட்ட ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. என்கிட்டயும்தான்.

அடுத்த செமஸ்டர்ல வணிகச் சட்டம் பேப்பர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 17, மோசடி. எதெல்லாம் மோசடின்னு வரிசையா வரும், அதுல ஒண்ணு, தெரிஞ்ச உண்மையை முனைஞ்சு மறைக்கிறது. சார் உதாரணம் சொல்லச் சொன்னப்ப நான் பெஞ்சுல குனிஞ்சுக்கிட்டேன். அப்புறம் லைப்ரரியில சொத்து மாற்றுச் சட்டம் 1882-ஐயும் எடுத்துப் பாத்தேன். பிரிவு 55: சொத்துல முக்கியமான குறை ஒண்ணு விக்கிறவனுக்குத் தெரிஞ்சிருந்து, வாங்கறவனுக்குத் தெரியாம இருந்து, சாதாரண கவனத்தோட பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாததுன்னா, விக்கிறவன் அதைச் சொல்லியே ஆகணும். மே மாசத்துல, பீரோவுக்குப் பின்னாடி இருக்கற ஐப்பசித் தண்ணியை எந்தக் கவனத்தோட பாத்தா கண்டுபிடிக்கறது? ஆயா ஸ்கூல் பக்கம் போனதில்ல. அந்தப் பிரிவை அப்படியே சொல்லியிருக்காங்க.

பெரிய பில்டர்களுக்கு இது இன்னும் கடுமை. அபார்ட்மெண்ட் கட்டறவங்க காட்டற மாதிரி வீட்டுல, கட்டில் வழக்கத்தைவிடச் சின்னதா இருக்கும், உள் ரூம்களுக்குக் கதவே வெச்சிருக்க மாட்டாங்கன்னு பல பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 2016-ல வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தோட 12-வது பிரிவு, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி, அதுல இருந்த பொய்த் தகவலால நஷ்டப்பட்டவங்களுக்கு ஈடு கொடுக்கணும்னு சொல்லுது. தோட்டா தரணி 'நாயகன்' (1987) படத்துக்குத் தாராவியைச் சென்னையில செட் போட்டார், தேசிய விருதும் வாங்கினார். அதைப் பாத்துட்டு யாரும் அட்வான்ஸ் கொடுக்கப் போறதில்ல. நம்ம செட்டுக்குள்ள ஒருத்தர் ரிட்டயர்மெண்ட் பணத்தோட குடி வர்றார்.

அதுக்கப்புறம் ஏற்காட்டுலயே தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வீட்டை ஹோம் ஸ்டேக்கு மாத்தினப்ப போய் வேலை செஞ்சேன், சோத்துக்கும் பஸ் காசுக்கும். இப்பல்லாம் போனதும் முதல்ல கேக்கறது, "மழையில எங்க ஒழுகும்?" ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர் கோவிச்சுக்கிட்டார், "நீ அழகு பண்ண வந்தியா, குறை கண்டுபிடிக்க வந்தியா?"ன்னு. அவர் வீட்டுல பாதியிலயே வந்துட்டேன். இந்த ரேட்ல தொழில் பண்ணா சாப்பாட்டுக்கு ஆகுமான்னு பெரியப்பா கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

போன கார்த்திகைல அருவிப் பக்கம் போனப்ப அந்த வீட்டுல நின்னேன். உள்ள வரச் சொன்னாங்க. ஹால்ல ஊஞ்சல் இருக்கு. பின் சுவர் ஓரமா வாய்க்கால்ல தண்ணி ஓடுது. பீரோவை அவங்களுக்கே விட்டுட்டு வந்திருந்தோம், அது இப்ப எதிர்ச் சுவர்ல நிக்குது. கை வெச்சுப் பாத்தேன், சுவர் காஞ்சுதான் இருந்துச்சு.

வந்து ஆயாகிட்ட சொன்னேன். தலையாட்டிக் கேட்டுட்டு, "நீ வெட்டுனியே செம்பருத்தி, அது துளுத்துச்சா?"ன்னாங்க.

அதைப் பாக்காம வந்துட்டேன்.