பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

காலி மது பாட்டிலைக் காட்டுக்குள் வீசுவதை எச்சரிக்கைப் பலகைகளால் நிறுத்த முடியவில்லை. பத்து ரூபாய் ஓரளவு நிறுத்தியது.

யானையின் பாதம் பார்வைக்குத்தான் முரடு. உள்ளே மெத்தை போன்ற சதை. உடைந்த பாட்டிலின் சில்லு ஏறினால் பல டன் உடம்பும் அந்தக் காயத்தின் மேல்தான் நிற்க வேண்டும். புண் சீழ் பிடித்தால் அந்த ஜீவன் நடக்கவும் முடியாமல், மேயவும் முடியாமல் தவிக்கும். நினைத்தாலே மனசு பதறுகிறது.

இந்தக் கொடுமையைக் கண்டுதான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் மதுக்கடைகளில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும், வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். காசு இருக்கும் பொருள் குப்பையில் கிடக்காது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது.

கடை ஊழியர்கள் வேலைப்பளு என்று போராடினார்கள். அவர்கள் கேட்பது நியாயம். பாட்டிலை வாங்கி, எண்ணி, அடுக்கி வைக்கத் தனி ஆளும் இடமும் வேண்டும்.

தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் இதையே கொண்டுவாருங்கள். திரும்ப வாங்கும் செலவை அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களே ஏற்கட்டும்.